நிலா முயல் பொம்மை: ஒரு சரித்திர டீச்சரின் மதிப்புரை



போன வாரம் என் மேசைமேல் இருந்த பொம்மையின் படத்தைப் போட்டாலும் போட்டேன், கேள்விகள் குவிந்துவிட்டன. "டீச்சர், பேத்திக்கு வாங்கினதா?" என்று பாதிப் பேர். "இந்த வயசுல பொம்மையாக்கா?" என்று என் சித்தி மகள். 2004-ஆம் வருடத்து 12-பி மாணவி ஒருத்தி மட்டும், "டீச்சர், அது செய்லர் மூன்தானே?" என்று கேட்டிருந்தாள். அவளுக்கு நூற்றுக்கு நூறு.

அது யார், எங்கிருந்து வந்தாள், அந்தப் பொம்மை வாங்கத் தகுந்ததா என்று விவரமாக எழுதச் சொன்னீர்கள். முப்பத்தொரு வருடம் சரித்திரம் நடத்தியவளிடம் மதிப்புரை கேட்டால் சரித்திரம்தான் வரும். நீளமான பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

முதலில் பொம்மை. நம் பள்ளிக்கூடத்து ஸ்கேலை விட ஒரு சென்டிமீட்டர் உயரம், அதாவது 31 சென்டிமீட்டர். உடம்பு ஒல்லி, தலை பெரிது. இந்த வகைப் பொம்மைக்குப் 'புல்லிப்' என்று பெயர். 2003-இல் கொரியாவில் உருவாகி, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வழியாக உலகமெல்லாம் போனது. செய்லர் மூன் கார்ட்டூனின் 20-ஆம் ஆண்டையொட்டி இந்தப் புல்லிப்புக்கு அந்தக் கதாநாயகியின் வேஷம் போட்டு ஒரு வரிசை வெளியிட்டார்கள். என் மேசையில் இருப்பது அதில் ஒன்று. கொரிய மொழியில் புல்லிப் என்றால் புல்லின் இதழ். ஆமாம், அங்கும் புல்லுக்குப் 'புல்' மாதிரியேதான் ஒலி. உடனே தமிழும் கொரியனும் அக்கா தங்கச்சி என்று ஃபார்வர்டு அனுப்ப ஆரம்பித்துவிடாதீர்கள். ஒரு சொல் ஒத்துப்போவது ஆதாரம் ஆகாது என்று ஒன்பதாம் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

பின்னந்தலையில் ஒரு சிறு நெம்புகோல் உண்டு. அதை நகர்த்தினால் கண்விழி இடமும் வலமும் போகும், இமையையும் மூடலாம். முடி தனி விக், கழற்றி மாட்டலாம். தலை கனமாக இருப்பதால் ஸ்டாண்டு இல்லாமல் நிற்கவைப்பது கஷ்டம். உடை பிரமாதம். கடற்படைக்காரர் போட்டுக்கொள்ளும் பெரிய காலர், மார்பில் சிவப்பு வில் முடிச்சு, நீலப் பாவாடை, சிவப்பு பூட்ஸ், நெற்றியில் ஒரு பட்டம். உச்சந்தலையில் இரண்டு கொண்டை, அவற்றிலிருந்து கால்வரை தொங்கும் இரண்டு வால் முடி. முகம் மட்டும் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கார்ட்டூனில் அந்தப் பெண் ஒப்பாரி வைத்து அழுவாள், வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாள், சோற்றைக் கண்டால் முகம் மலரும். இது அமைதியாக, யாரோ எடுத்த பாஸ்போர்ட் போட்டோ மாதிரி பார்க்கிறது. அழகுதான். ஆனால் அந்தப் பெண் அழகுக்காகப் பெயர் வாங்கியவள் அல்ல.

இந்த மாதிரிப் பொம்மைகளை 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்று குறித்து விற்கிறார்கள். கதையில் அவளுக்கு வயது 14. அவளே கடைக்குப் போயிருந்தாலும் இந்தப் பொம்மை அவளுக்கானது அல்ல. இது எப்படி நடந்தது என்பதுதான் இந்தப் பதிவின் விஷயம்.

இது என் கைக்கு வந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். 1998-இல் பத்தாம் வகுப்பு முடித்த என் மாணவி ஒருத்தி இப்போது டோக்கியோவில் வேலை பார்க்கிறாள். பெயர் வேண்டாம், எழுதுவதற்கு அனுமதி வாங்கிவிட்டேன். நக்கானோ என்ற பகுதியில் பழைய பொம்மை, பழைய காமிக்ஸ் விற்கும் கடைகள் நிறைந்த ஒரு கட்டடம் இருக்கிறது. அங்கே தன் சம்பளத்தில் தனக்கென்று இதை வாங்கினாள். ஊருக்குக் கொண்டுவந்தபோது வீட்டில் ஒரே கேலி. "நாப்பது வயசுப் பொம்பளைக்குப் பொம்மை கேக்குதா?" என்று பெரியவர்கள் ஆரம்பித்தார்கள், சின்னதுகளும் சேர்ந்துகொண்டன. மூன்றாம் நாள் என்னிடம் கொண்டுவந்து கொடுத்து, "நீங்களே வச்சுக்குங்க டீச்சர்" என்றாள். அவள் சின்ன வயதில் பொம்மை வைத்து விளையாடியவள் அல்ல. அவள் இடுப்பில் எப்போதும் தம்பிதான் இருப்பான்.

சரி, சரித்திரத்துக்கு வருவோம். உடையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தப் பொம்மையின் மேல் இருப்பதிலேயே மிகப் பழையது அந்தக் காலர்.

1846-இல் இங்கிலாந்து ராணி விக்டோரியாவின் மகன் ஆல்பர்ட் எட்வர்டுக்கு நாலு வயது. அவனுக்குக் கடற்படை மாலுமியின் உடையைச் சின்ன அளவில் தைத்துப் போட்டு, வின்டர்ஹால்டர் என்ற ஓவியரிடம் படம் வரையச் சொன்னார்கள். அந்தப் படம் பிரபலமானது. பணக்காரக் குழந்தைகள் எல்லோருக்கும் மாலுமி உடை என்று ஆனது. 1920, 1921 வாக்கில் அது ஜப்பானின் மிஷன் பெண்கள் பள்ளிகளுக்குச் சீருடையாக வந்து சேர்ந்தது. கியோட்டோ, நகோயா, ஃபுகுவோகா என்று மூன்று ஊர்களும் "எங்கள் பள்ளிதான் முதல்" என்று இன்றும் சொல்லிக்கொள்கின்றன. ஃபுகுவோகாவில் எலிசபெத் லீ என்ற அமெரிக்கத் தலைமையாசிரியை தன்னிடம் இருந்த மாலுமி உடையையே மாதிரியாகக் கொடுத்தார்.

அதற்கு முன்னால் ஜப்பானிய மாணவிகள் கிமோனோவும் அதன் மேல் ஹகாமா என்ற நீண்ட மடிப்பு உடையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். அதில் ஓட முடியாது, கையைத் தூக்கிப் பந்து போட முடியாது. இந்தக் கஷ்டத்தை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பாவாடை தாவணிச் சீருடையில் நானூறு மீட்டர் ஓடியவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். ஒரு கை தாவணியைப் பிடித்துக்கொண்டிருக்கும், மறு கையால்தான் ஓட வேண்டும். சீருடை சுடிதாராக மாறிய வருடம் நம் பள்ளியில் விளையாட்டுக்குப் பெயர் கொடுத்தவர்கள் எண்ணிக்கையை நான் கண்ணால் பார்த்தேன். ஆகவே மாலுமி காலரை வெறும் அலங்காரம் என்று நினைக்காதீர்கள். பெண் பிள்ளைகள் ஓடலாம் என்று ஒரு பள்ளிக்கூடம் ஒத்துக்கொண்டதன் அடையாளம் அது. எழுபது வருடம் கழித்து ஒருவர் அந்தச் சீருடையையே போர் உடையாக மாற்றி வரைந்தார். அவரைப் பற்றிப் பிறகு.

இனி பொம்மை. ஜப்பானில் மார்ச் 3 பெண் குழந்தைகளின் திருநாள். ஹினா மத்சூரி என்று பெயர். சிவப்புத் துணி விரித்த படிகளில் ராஜா, ராணி, தோழிகள், வாத்தியக்காரர்கள் என்று பொம்மைகளை அடுக்குவார்கள். படத்தைப் பார்த்தால் நம் கொலுப்படி ஞாபகம் வரும். இரண்டுக்கும் இன்னொரு ஒற்றுமையும் இருக்கிறது. பிள்ளைகள் பார்க்கலாம், தொடக்கூடாது. திருநாள் முடிந்ததும் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் போய்விடும். விளையாடாமல் பார்ப்பதற்கென்றே பொம்மை வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று முளைத்ததல்ல என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்த இடத்தில் 1927-ஐச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1924-இல் அமெரிக்கா ஜப்பானியர் குடியேறுவதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. ஜப்பானில் பல வருடம் வாழ்ந்த சிட்னி குலிக் என்ற பாதிரியாருக்கு இது வருத்தமாக இருந்தது. பெரியவர்களை மாற்ற முடியாது, குழந்தைகளையாவது நண்பர்களாக்குவோம் என்று, அமெரிக்கப் பிள்ளைகளிடம் சேர்த்து 12,739 பொம்மைகளை ஹினா திருநாளுக்கு அனுப்பினார். நீலக்கண் பொம்மைகள் என்று ஜப்பானியர் செல்லமாக அழைத்தார்கள். அவை பள்ளிகளுக்கும் பாலர் வகுப்புகளுக்கும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. பதிலுக்கு ஜப்பான் 58 அருமையான பொம்மைகளை அனுப்பியது. பிறகு போர் வந்தது. எதிரி நாட்டுப் பொம்மை என்று அவற்றை எரித்தார்கள், மூங்கில் ஈட்டியால் குத்தினார்கள், அதுவும் பள்ளி மைதானங்களில். இன்று மிஞ்சியிருப்பவை முந்நூற்றுச் சொச்சம். அவற்றில் பல எப்படி மிஞ்சின தெரியுமா? சில ஆசிரியர்கள் அலமாரிக்குப் பின்னாலும் கூரைக்கடியிலும் ஒளித்துவைத்தார்கள். அகப்பட்டிருந்தால் தேசத்துரோகி என்ற பட்டம் கிடைத்திருக்கும். ஒரு பொம்மைக்காக.

போர் முடிந்ததும் நிலைமை தலைகீழ். அமெரிக்கப் பொம்மையை ஜப்பானே செய்தது. 1959-இல் வெளிவந்த பார்பி கலிபோர்னியாக்காரி என்று எல்லோரும் நினைக்கிறோம். முதல் பார்பிகள் தயாரானது ஜப்பானில். அவளுடைய குட்டி குட்டிக் கவுன்களை ஜப்பானியப் பெண்கள் வீட்டிலிருந்தபடி தைத்துக் கொடுத்தார்கள், நம் தென்மாவட்டங்களில் பெண்கள் வீட்டிலேயே பீடி சுற்றிக் கொடுப்பார்களே, அதே மாதிரி வேலை. தைத்த பெண்ணின் மகளுக்கு அந்தப் பொம்மை கிடைத்திருக்குமா என்று சரித்திரப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

1967-இல் தக்காரா என்ற நிறுவனம் ஜப்பானியக் குழந்தைகளுக்கென்று 'லிக்கா' என்ற பொம்மையைக் கொண்டுவந்தது. முதலில் அவர்கள் செய்ய நினைத்தது வெளிநாட்டுப் பொம்மைகளுக்கு ஒரு தூக்கிச் செல்லும் வீடு. அந்தப் பொம்மைகளின் அளவுக்குச் செய்தால் வீடு மிகப் பெரிதாகிவிடும், ஜப்பானியப் பிள்ளைகளின் கைக்கும் அறைக்கும் சரிவராது. எனவே பொம்மையையே சின்னதாக்கி 21 சென்டிமீட்டரில் செய்தார்கள். லிக்கா ஐந்தாம் வகுப்பு படிக்கும் 11 வயதுப் பெண். கோடிக்கணக்கில் விற்றாள், இன்றும் விற்கிறாள். பார்பி பெரியவள், 'நீ வளர்ந்தால் இப்படி ஆவாய்' என்று சொல்லும் பொம்மை. லிக்கா பக்கத்து பெஞ்சுப் பிள்ளை.

அதே சமயத்தில் தொலைக்காட்சியில் ஒரு புது வகைப் பெண் வந்தாள். ஜப்பானியர் அவளை 'மந்திரச் சிறுமி' என்பார்கள். அமெரிக்கத் தொடர் ஒன்று அங்கே ஓடிக்கொண்டிருந்தது. கல்யாணமான ஒரு சூனியக்காரி, புருஷனுக்காகத் தன் மந்திரத்தை அடக்கி வைத்துக் குடும்பம் நடத்தும் கதை. அதிலிருந்து பொறி எடுத்து, மித்சுதேரு யோகோயாமா என்பவர் ஒரு மந்திர நாட்டு இளவரசிச் சிறுமியை உருவாக்கினார். பெயர் சாலி. 1966 டிசம்பரில் தோயெய் நிறுவனம் அதைக் கார்ட்டூனாக்கியது.

அடுத்து 1969-இல் அக்கோ வந்தாள். இவள் இளவரசி இல்லை, சாதாரணப் பெண். ஆசையாக வைத்திருந்த கண்ணாடி உடைந்ததும் அதைக் குப்பையில் போடாமல் மண்ணில் புதைத்து மரியாதை செய்கிறாள். கண்ணாடியின் ஆவி மனமிரங்கி அவளுக்கு ஒரு மாயக் கண்ணாடி தருகிறது, அம்மாக்கள் கைப்பையில் வைத்திருக்கும் பவுடர் டப்பா வடிவத்தில். அதைப் பார்த்து மந்திரம் சொன்னால் நினைத்த ஆளாக மாறலாம். அந்த டப்பாவைப் பிளாஸ்டிக்கில் செய்து கடையில் வைத்தார்கள், பிள்ளைகள் அள்ளிக்கொண்டு போனார்கள். இந்த வியாபாரம் கண் திறந்தது அங்கேதான். கதாநாயகியின் உருவத்தை விற்பதை விட அவள் கையில் இருக்கும் பொருளை விற்பது லாபம். பொம்மையை வைத்துக்கொண்டால் அவளோடு விளையாடலாம். டப்பா கையில் இருந்தால் தானே அவளாகிவிடலாம்.

அதன்பின் பொம்மைக் கம்பெனி ஸ்பான்சர் செய்ய, கார்ட்டூன் அதற்காக ஓட என்று ஏற்பாடு இறுகிவிட்டது. இதைப் பற்றி ஒரு சம்பவம். 1982-இல் மிங்கி மோமோ என்று ஒரு தொடர். மந்திரத்தால் நர்சாகவும் போலீஸாகவும் விமானப் பணிப்பெண்ணாகவும் மாறும் சிறுமி. பொம்மை விற்பனை போதவில்லை, தொடரை முடித்துவிடுங்கள் என்று ஸ்பான்சரிடமிருந்து முடிவு வந்தது. எழுதிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்றால், 46-ஆம் பாகத்தில், மந்திரத்தை இழந்த மோமோவை ஒரு லாரி மோதிக் கொன்றுவிட்டார்கள். அந்த லாரி நிறையப் பொம்மைகள். குழந்தைகள் தொடர், மாலை நேரம், கதாநாயகி சாவு, கொன்றது பொம்மை லாரி. ஸ்பான்சருக்கு இதைவிடப் பச்சையாக யாரும் பதில் சொன்னதில்லை. இதற்குள் விற்பனை தேறிவிட, தொடரை நீட்டிக்கச் சொன்னார்கள். மோமோ மனுஷக் குழந்தையாக மறுபிறவி எடுத்து, தொடர் 63 பாகம் வரை போனது. கோபத்தில் கொன்றவர்களே கூலிக்குப் பிழைக்க வைத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் இரக்கமும் சிரிப்பும் சேர்ந்தே வருகிறது.

இப்போது நம் ஆள். நவோகோ தக்கேயுச்சி 1967-இல் பிறந்தவர், மருந்தியல் படித்துத் தேறியவர். நகயோஷி என்ற சிறுமிகள் பத்திரிகையில் அவருடைய செய்லர் மூன் சித்திரக்கதை தொடங்கிய கையோடு, 1992 மார்ச் 7-இல் கார்ட்டூனும் தொடங்கியது. அதுவரை மந்திரச் சிறுமி தனி ஆள். கூட்டமாகச் சண்டை போடுவது பையன்கள் தொடர்களில், வண்ணத்துக்கு ஒருவராக ஐந்து வீரர்கள். இவர் இரண்டையும் சேர்த்தார். ஐந்து பெண்கள், ஐந்து நிறம், பள்ளிச் சீருடையே போர் உடை.

கதாநாயகியின் பெயர் த்சுகினோ உசாகி. ஜப்பானிய மொழியில் காதால் கேட்டால் 'நிலாவின் முயல்' என்று பொருள் வரும். ஏன் முயல்? நிலவில் தெரியும் கறையை அவர்கள் முயல் என்கிறார்கள். நாமும் அப்படித்தானே? பசியோடு வந்தவருக்குத் தன் உடலையே தர நெருப்பில் குதித்த முயலை இந்திரன் நிலவில் பொறித்தான் என்று புத்த ஜாதகக் கதை ஒன்று உண்டு. பௌத்தத்தோடு சேர்ந்து அது ஜப்பானுக்குப் போய், கொன்ஜாகு மொனோகத்தாரி என்ற அவர்களுடைய பழைய கதைத் தொகுப்பில் இடம்பிடித்தது. நிலவுக்குச் 'சசி' என்று பெயர் வந்ததும் முயலை உடையது என்ற பொருளில்தான். ஆக, என் வகுப்புகளில் இருந்த அத்தனை சசிகலாக்களும் சசிரேகாக்களும் ஒருவகையில் செய்லர் மூனின் சொந்தக்காரிகள். பொம்மைக்குள் நம் ஊர் பக்கத்துச் சரக்கும் கொஞ்சம் இருக்கிறது.

இந்த உசாகிக்குக் காலையில் எழ முடியாது. தினமும் பள்ளிக்குத் தாமதம். கொஞ்சம் அடிபட்டாலும் ஊரைக் கூட்டி அழுவாள். முதல் பாகத்திலேயே ஆங்கிலப் பரீட்சையில் 30 மதிப்பெண் வாங்கி, அம்மாவிடம் திட்டு வாங்குகிறாள். உலகத்தைக் காக்கும் பொறுப்பு இவளிடம் வருகிறது. வேண்டவே வேண்டாம் என்கிறாள். பயத்தில் கால் நடுங்குகிறது. ஆனால் சிநேகிதிக்கு ஆபத்து என்றால் நடுங்கிக்கொண்டே போய் நிற்பாள். முதல் பெஞ்சுப் பிள்ளை இவள் கூட்டத்தில் உண்டு, அவள் தலைவி இல்லை. முப்பது வருடம் ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான். 30 மதிப்பெண் பிள்ளையைத் தலைவியாக்கிய ஒரு கதையை அந்தக் காலத்தில் யாராவது எனக்குக் காட்டியிருந்தால், சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸில் போட்டுக் காட்டியிருப்பேன்.

வியாபாரம் இங்கும் விடவில்லை. பண்டாய் நிறுவனம் மந்திரக்கோலையும் உருமாறும் ப்ரூச்சையும் விற்றது. ஐந்து தொடர்களாக 1997 பிப்ரவரி வரை 200 பாகம் ஓடியது, தொடருக்கொரு புது ப்ரூச். பழைய ப்ரூச் கதையில் செயலிழந்துபோகும், கடையில் புதிது வந்திருக்கும். வீட்டில் அழுகை. அந்தக் காலத்து ஜப்பானிய அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். ஆனாலும் ஒன்று கவனியுங்கள். விற்பனைக்காகத் தொடங்கிய தொடரில் அந்தப் பெண்கள் காதலிப்பதற்கும் அழுவதற்கும் சாவதற்கும் கூட இடம் இருந்தது. முதல் தொடரின் முடிவில் தோழிகள் ஒவ்வொருவராக உயிரை விடுகிறார்கள், கடைசியில் உசாகியும். பிறகு எல்லோரும் மீண்டு வருகிறார்கள்.

1995-இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனவர்களுக்கு இதைத் தாங்க முடியவில்லை. அந்த இரண்டு பாகங்களையும் வெட்டி ஒன்றாக்கி, தோழிகள் சாகவில்லை, எதிரியிடம் சிறைப்பட்டார்கள் என்று மாற்றினார்கள். உசாகி செரீனா ஆனாள். பொம்மை பார்பியின் அளவிலேயே, பதினொன்றரை அங்குலத்தில் வந்தது. பையன்களின் பவர் ரேஞ்சர்ஸ் பொம்மைகள் 1993-இலிருந்து சக்கைப்போடு போட்டதைப் பார்த்து, பெண் பிள்ளைகளிடமும் அதே கதை நடக்கும் என்று கணக்குப் போட்டார்கள். கணக்குத் தப்பியது. பல ஊர்களில் விடியற்காலையில் ஒளிபரப்பினால் யார் பார்ப்பார்கள்? தொடரை நிறுத்திவிட்டார்கள்.

அப்போது பார்த்தவர்கள் சும்மா இருக்கவில்லை. இணையம் குழந்தையாக இருந்த காலம். கையெழுத்து இயக்கம் நடத்தினார்கள். விளம்பரம் கொடுத்த தின்பண்டத்தை எல்லோரும் சேர்ந்து போய் வாங்குங்கள் என்று சொல்லி ஒரு போராட்டம் வேறு. புறக்கணிப்புப் போராட்டத்தை நான் உங்களுக்குச் சுதேசி இயக்கத்தில் நடத்தியிருக்கிறேன். இது வாங்கும் போராட்டம், பாடத்திட்டத்தில் இல்லை. கனடாவில் தொடர் நன்றாக ஓடியது. டொரண்டோவைச் சேர்ந்த இர்வின் என்ற பொம்மை நிறுவனம் பொம்மைகளை விற்றது. கனடாவை நம்பி 1997-இல் மேலும் 17 பாகங்களுக்கு ஆங்கிலக் குரல் கொடுத்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் எல்லாம் வளர்ந்தார்கள். வேலைக்குப் போனார்கள். நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 2012-இல் 20-ஆம் ஆண்டுக் கொண்டாட்டத்தில் புது கார்ட்டூன் வரப்போகிறது என்று அறிவித்து, அடுத்தடுத்துப் பொருள்களும் வரத் தொடங்கியபோது, கம்பெனிகள் ஏழு வயதுப் பிள்ளையின் அம்மாவைத் தேடிப் போகவில்லை. அந்த ஏழு வயதுப் பிள்ளைக்கே இப்போது சொந்தச் சம்பளம் இருந்தது. 15 வயதுக்கு மேல் என்ற குறிப்பு வந்த வழி இதுதான். ஒரு காலத்தில் அம்மாவிடம் அடம்பிடித்து அழுதவள், இன்று யாரிடமும் கேட்க வேண்டாம்.

அவர்களிடம் ஏற்கெனவே விற்ற ஆசையை மறுபடியும் விற்கிறார்களே என்று நீங்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். லாபம் கம்பெனிக்கு, சந்தேகமே இல்லை. ஆனால் நம் வீட்டு ஆண்கள் விஷயத்தில் இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. என் அண்ணன் எழுபத்திரண்டு வயதில் பழைய புல்லட் பைக்கைத் துடைத்துத் துடைத்து வைத்திருக்கிறார், ஓட்டுவதில்லை. தபால்தலை சேர்ப்பவர், பழைய காசு சேர்ப்பவர், கிரிக்கெட் மட்டையில் கையெழுத்து வாங்கி மாட்டுபவர் எல்லோருக்கும் 'ஹாபி' என்று கௌரவமான பெயர் உண்டு. ஒரு பெண் தன் பணத்தில் ஒரு பொம்மை வாங்கினால் மட்டும் புத்தி தடுமாறிவிட்டதா? அவள் வீட்டுக்காரர்களும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பொம்மையை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன், எனக்குச் சொந்தமாக அல்ல. அடுத்த விடுமுறைக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு என் தீர்ப்பு. சின்னப் பிள்ளைக்கு வாங்காதீர்கள். கண் நெம்புகோலும் விக்கும் விளையாட்டுக்குத் தாங்காது, பிள்ளைக்கும் தொடாதே தொடாதே என்று திட்டு விழும். பார்க்கவும், உடை மாற்றவும், படம் எடுக்கவும் ஆசை இருக்கிற பெரியவர்களுக்குச் சரி. வெயில் படும் ஜன்னலோரம் வைக்காதீர்கள், நிறம் போகும். நம் ஊர்த் தூசிக்குக் கண்ணாடி அலமாரி நல்லது, இல்லாவிட்டால் கொலுப் பொம்மையைச் சுற்றி வைக்கிற மாதிரி பழைய பருத்தித் துணி. பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வைக்காதீர்கள். முகம் அசல் கார்ட்டூன் மாதிரி வேண்டும் என்பவர்களுக்கு முகத்தை மாற்றி மாற்றிப் பொருத்தும் வேறு வகைச் சிறு உருவங்களும் வந்திருக்கின்றன. ஏறத்தாழ பாதி உயரம்தான், ஆனால் அழுத முகம் கிடைக்கும்.

இன்னொரு பொருளைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அக்கோவின் பொம்மை டப்பா அம்மாவின் பவுடர் டப்பாவைப் பார்த்துச் செய்தது என்றேன் அல்லவா? 2014 வாக்கில் பண்டாயின் அழகுசாதனப் பிரிவு, செய்லர் மூனின் பழைய ப்ரூச் வடிவத்திலேயே ஒரு டப்பா செய்து, உள்ளே நிஜமான முகப் பவுடரை வைத்து விற்றது. 45 வருடத்தில் டப்பா பொம்மையாகி, பொம்மை திரும்பவும் டப்பாவாகிவிட்டது. என் மாணவியும் ஒன்று வாங்கினாளாம். பவுடர் எப்போதோ தீர்ந்துவிட்டது, டப்பா மட்டும் கைப்பையில் இருக்கிறது என்றாள். இப்போது அதில் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டேன்.

"தைராய்டு மாத்திரை டீச்சர்" என்றாள்.